கப்பலில் போன கடைசி அத்தியாயம்

அவள் கையிலிருக்கும் நாவலின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் துப்பறிவாளர் எல்லோரையும் வரவேற்பறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துகிறார். அதற்குப் பிறகு பின்னட்டைதான் இருக்கிறது.

மிச்சம் பதினான்கு பக்கங்கள் கடலில் இருந்தன. சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் அவள் கணவன், கிளம்பிய அன்று அவற்றைப் பிளேடால் பக்குவமாக அறுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டான். காரணம் இல்லாமல் இல்லை. இவள் எந்தத் துப்பறியும் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிற ஆள். கல்யாணமான புதிதில், அவன் இரண்டாம் அத்தியாயத்தில் இருந்தபோது, காபியை நீட்டிக்கொண்டே கொலைகாரனையும் சொல்லிவைத்த புண்ணியவதி.

"ஆறே மாசம். வந்து நானே வாசிச்சுக் காட்டுறேன்" என்று போனான். இது எட்டாவது மாதம். ஒவ்வொரு முறை அவன் கூப்பிடும்போதும், "கொலைகாரன் யாருன்னு சொல்லுங்க" என்று நச்சரிப்பாள். "வந்து சொல்றேன்" என்று அவன் சிரிப்பான்.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவளிடம் அந்தக் கால இங்கிலாந்துக் கதை சிக்கினால் சும்மா விடுவாளா? பனியில் மாட்டிக்கொண்ட மாளிகையில் ஒரு கைபேசி இருந்திருந்தால் நாலாம் அத்தியாயத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும் என்று முதல் தடவை வாசித்தபோது சிரித்தாள். தேநீர் கொண்டுவரும் பணிப்பெண்ணை யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று இரண்டாம் தடவை எரிச்சல்பட்டாள். மூன்றாம் தடவை, செத்தவரின் மகள் தூரதேசம் போன கணவனின் கடிதத்துக்காக ஜன்னலோரம் நிற்கும் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. அவன் பக்கத்தில் வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

முடிவை இணையத்தில் தேட ஒரு நிமிடம் போதும். அவள் தேடவில்லை.

மருந்தகத்தில் மதியக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அவன் கூப்பிட்டான். நல்லாயிருக்கியா, சாப்பிட்டியா என்று சுற்றி வளைத்தான்.

"எனக்குப் பதிலா வர வேண்டிய ஆள் வரல. இன்னும் நாலு மாசம் இருக்கச் சொல்றாங்க."

அவள் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"கோவமா? சரி, அந்தப் பதினாலு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிடறேன். நீயும் எவ்வளவு நாள்தான் தவிப்ப."

"அனுப்பாதீங்க."

"யாருன்னு தெரிய வேண்டாமா?"

"செத்த பெரியவரோட செக்ரட்டரிதானே. மருந்தைக் குடிச்ச மறுநொடியே பெரியவர் சுருண்டு விழுந்தார்னு சொல்றான். அது வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும். அவன் பொய் சொல்றான்னு அறுபதாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு."

அவன், "அப்புறம் எதுக்கு எட்டு மாசமா யாரு யாருன்னு என்னைப் போட்டு அரிச்ச?" என்றான்.

"எப்ப வர்றீங்கன்னு கேட்டா உங்களால பதில் சொல்ல முடியாது. அதான் இதைக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டினார்.

"பக்கமெல்லாம் நனையாம வைங்க. நீங்கதான் வாசிக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவள் சீட்டை வாங்கிக்கொண்டாள்.