நாலு மணி நேரக் கெடு

அடுகோடியில் கில்பர்ட்டின் பிளேட்டிங் பட்டறையில் கடவுளுக்கு அடுத்த மரியாதை ஓவனுக்குத்தான். துத்தநாக முலாம் பூசிய போல்ட் நாலு மணி நேரத்துக்குள் ஓவனுக்குள் போயாக வேண்டும். அந்த விஷயத்தில் மனுஷர் பெற்ற மகளைக்கூட நம்பமாட்டார். அந்த மகள் ஜோவிதாவுக்கோ, உடைந்த இரும்பு ஏன் உடைந்தது என்று சொல்லும் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

அங்கேதான் திங்கட்கிழமை ஒரு போல்ட் இரண்டு துண்டாக வந்தது. கட்டட வேலையில் சாமான் ஏற்றும் லிஃப்டைத் தாங்கிய போல்ட். முறுக்கிய மூன்றாம் நாள் தானாக உடைந்தது. கீழே நின்ற எலக்ட்ரீஷியன் பாலகுமார் அங்கேயே இறந்துபோனார்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததுமே ஜோவிதாவுக்கு விளங்கிவிட்டது. உடைத்த கற்கண்டு மாதிரி எஃகின் மணிகள் தனித்தனியாகப் பிரிந்திருந்தன. ஹைட்ரஜன் செய்த வேலை. முலாம் தொட்டியில் எஃகுக்குள் நுழையும் அழையா விருந்தாளி அது. உடனே சூடேற்றினால் வெளியேறிவிடும். விட்டால் மணிகளின் இடுக்கில் குடியேறி மயிரிழையாகக் கீறிவிடும். அப்புறம் எத்தனை மணி நேரம் சூடேற்றினாலும் கீறல் மூடாது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. எந்தச் சோம்பேறி செய்த வேலையோ என்று திட்டிக்கொண்டே, போல்ட்டோடு வந்த முலாம் பட்டறையின் லாட் கார்டைத் திருப்பினாள்.

அப்பாவின் கையெழுத்து. முலாம் முடிந்தது பதினெட்டாம் தேதி பகல் ஒரு மணி. ஓவனில் வைத்தது பத்தொன்பதாம் தேதி மாலை ஆறு. எட்டு மணி நேரத்துக்குப் பதில் இருபத்துநாலு மணி நேரம் சூடேற்றியிருந்தார். எதையும் மறைக்கவில்லை.

பதினெட்டாம் தேதி ஒன்றரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தவள் ஜோவிதாதான். "டாடி, எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வாங்க. மம்மிக்கு ரொம்ப முடியல." அப்படியே போட்டுவிட்டுத்தான் வந்தார். வந்து சேர்வதற்குப் பத்து நிமிஷம் முன்பே அம்மா மௌரீன் போய்விட்டாள். மறுநாள் அடக்கம் முடிந்ததும் கல்லறையிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போனார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷர் என்று அன்று ஜோவிதா பல்லைக் கடித்தாள்.

இந்த ஃபைலை நான் பார்க்கக்கூடாது, அது என் அப்பா பட்டறை என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு அடுகோடிக்குப் போனாள். கில்பர்ட் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா?"

"ஆயிருந்துச்சு டாடி."

ஓவன் கதவைப் பிடித்தபடி நின்றார். "லேட்டுக்குக் காரணம் கேப்பாங்க. மறந்துட்டேன்னு சொல்லிடுவேன். உங்க மம்மி பேரு அதுல வரக்கூடாது." பிறகு கேட்டார். "ஜோவி, அன்னைக்கு அவதான் என்னைக் கூப்பிடச் சொன்னாளா?"

மௌரீன் சொன்ன கடைசி வார்த்தை ஜோவிதாவுக்கு நன்றாக நினைவிருந்தது. 'டாடியைக் கூப்பிடாதம்மா. ஓவன்ல வைக்கிற நேரம். முடிச்சுட்டு வரட்டும்.'

"ஆமா டாடி. உங்களைத்தான் கேட்டுட்டே இருந்தாங்க."

"அப்ப நான் வந்தது சரிதான்," என்ற கில்பர்ட், மனைவி செத்த பிறகு முதல்முறையாக அழுதார்.