பெட்டி மாட்டியவனின் வாக்கு

சுங்கச் சாவடிகளை இடித்துவிட்டு வண்டிக்கு வண்டி பெட்டி மாட்டச் சொன்னதும் மெக்கானிக்குக் கை ஓயாத வேலை. முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. செயற்கைக்கோளின் துணையோடு, கட்டணச் சாலையில் ஓடிய தூரத்துக்கு மட்டும் அது காசு பிடித்துக்கொள்ளும். "இது ரோட்டைத்தான் பாக்கும், ஆளைப் பாக்காது" என்று வண்டிக்காரர்களிடம் சொல்லப் பயிற்சியில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவனே நம்பிவிட்டான், மடையன்.

ஒருநாள் அவன் தங்கை, புருஷனின் அடி தாங்காமல், அந்தப் புருஷனின் காரையே எடுத்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றாள். போன தடவை இப்படி வந்தபோது, பொறுத்துப் போ என்று திரும்பக் கொண்டுபோய் விட்டவன் இவன்தான். இந்தத் தடவை அவள் உதடு கிழிந்து ரத்தம் கட்டியிருந்தது. அவளோடு படித்த நர்ஸ் ஒருத்தி தொலைவில் வேறு ஊரில் வேலை பார்த்தாள். அந்த வீடு புருஷனுக்குத் தெரியாது. அங்கே போகச் சொன்னான்.

"பெட்டியைக் கழட்டிடலாமாண்ணா?" என்று கேட்டாள்.

கழற்றினால் அந்த நிமிஷமே புருஷனின் போனுக்குத் தகவல் போய்விடும் என்றான். சின்ன ரோட்டிலேயே போனால் பெட்டி தூங்கிக்கொண்டிருக்கும், நான் பொறுப்பு என்றான். அவள் நம்பிப் போனாள்.

அந்த வாரமே புருஷன் நர்ஸ் வீட்டு வாசலில் வந்து நின்றான். அக்கம்பக்கத்தார் கூடி விரட்டியதால் தப்பித்தாள். போகும்போது அந்தப் பாவி சிரித்துக்கொண்டே சொன்னான்: "மச்சான் இருக்கறப்ப எனக்கென்ன கவலை."

பதறியடித்து ஓடிவந்த அண்ணனுக்கு அவள் கேட்டைத் திறக்கவில்லை.

"இந்த வீடு நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். பெட்டி பாக்காதுன்னு நீதானே சொன்னே? அப்ப யாருண்ணா சொல்லியிருப்பா?"

 அவன் நேரே பெட்டிக் கம்பெனி ஆபீசுக்குப் போய், கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்காரும் ஆளைப் பிடித்துக் கேட்டான். எது கட்டணச் சாலை என்று தெரிய வேண்டுமானால் எல்லாச் சாலையையும் பார்த்துத்தானே ஆக வேண்டும் என்றான் அந்த ஆள். சந்துபொந்து உட்பட முழுப் பாதையும் வண்டிச் சொந்தக்காரர் போனில் தெரியுமாம். அப்படியானால் எங்களை ஏன் அப்படிச் சொல்லச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "மாட்டிக்கிறவங்க பயப்படக் கூடாதுல்ல" என்று டீயைக் குடித்தான்.

மறுபடியும் ஓடிப்போய் கேட்டுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொன்னான். தங்கை உள்ளே நின்றபடி கேட்டுக்கொண்டாள்.

"அன்னிக்குப் பாக்காதுன்னே. இன்னிக்குப் பாக்கும்கிறே."

அவ்வளவுதான் சொன்னாள். காரை அங்கேயே போட்டுவிட்டு மறுநாளே வேறெங்கோ போய்விட்டாள்.

எங்கே என்று அம்மாவுக்குத் தெரியும். கேட்டால், தெரியாமல் இருப்பதுதான் உனக்கும் நல்லது என்கிறாள். போன் அடித்தால் அவன் முகத்தைப் பார்க்காமல் எழுந்து, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.