சகலையின் சூடு

எங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்த மெழுகு பொறாமைக்கு மட்டும்தான் சரியாக உருகும். கோபத்தில் வைத்துப் பார்த்தார்கள். டீ ஆறுவதற்குள் இறுகிவிட்டது. தாய்ப்பாசத்துக்குச் சூடு அதிகம், தோல் சிவந்துபோகும் என்று ஒதுக்கினார்கள். காதலுக்கு மெழுகு லேசாக வியர்த்ததோடு சரி. பொறாமை ஒன்றுதான் முப்பத்தேழு டிகிரிக்கு ஏறி, மறுநாள் வரை இறங்காமல் நிற்கும். மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரியில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளை அங்கே இந்த மெழுகுப் பையில் சுற்றித்தான் பிழைக்க வைக்கிறார்கள்.

எனக்கு ஜவ்வரிசி ஆலையில் இரவு ஷிப்ட். வேலை முடிந்ததும் நிலையத்துக்குப் போய், பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பெஞ்சில் உட்காருவேன். உருகியதும் அது மலைக்குப் போகும். சகலை நாச்சிமுத்துவை நினைத்துக்கொள்வேன். என் மனைவி ருக்குமணியின் அக்காவைக் கட்டியவர். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். அவர் புதுக் கார் வாங்கிய வாரம் என் பை கண்ணாடி மாதிரித் தெளிந்துவிட்டது. ஆராய்ச்சி செய்யும் நிலோஃபர் மேடம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஒரு கட்டிகூட இல்லைண்ணா. இவ்வளவு சீரான பொறாமையை நான் பார்த்ததே இல்லை" என்றார். என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

ஐப்பசியில் மலைமேல் ஏழாம் மாதத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. நடுத்தரப் பப்பாளி ஒன்றின் எடை. என் பையைத்தான் கட்டினார்கள்.

அதே வாரம் சகலையின் பட்டறை மூடியது. கார் போனது. எங்கள் வாசலில் வந்து நின்று, "சகலை, கண்ணை மூடுனா வெல்டிங் சத்தம் கேக்குதுங்க" என்றார். எனக்குப் பாவமாகிவிட்டது. மறுநாள் என் பை, மார்கழித் தேங்காயெண்ணெய் போல வெள்ளையாக உறைந்து கிடந்தது. மலையிலிருந்து நர்ஸ் எஸ்தர் போன் செய்தார்.

"அண்ணா, பாப்பா பாதம் ஜில்லுனு இருக்கு. வேற யாரையாச்சும் பாத்துப் பொறாமப்படுங்களேன்."

முயன்றேன். ஆலை முதலாளி, பக்கத்து வீட்டு வாத்தியார், லாட்ஜ்காரர். யாரும் ஒட்டவில்லை. பொறாமைக்குச் சொந்தம் வேண்டும்.

நிலோஃபர் மேடம் சகலையிடம் போய் நிலைமையைச் சொன்னார். சகலை தங்கமான மனிதர். வாடகைச் சங்கிலி போட்டுக்கொண்டு வாடகைக் காரில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். "போதுங்களா சகலை? இன்னொரு ரவுண்டு சுத்தி வரட்டுமா?"

வாடகை என்று எனக்குத் தெரியும். மெழுகுக்கும் தெரிந்தது.

ருக்குமணி அவருக்குக் காபி கொண்டுவந்தாள்.

"ஏனுங் மச்சான், சங்கிலி போட்டதும் கழுத்தையே காணோம்?"

"கழுத்தைத்தான் வெச்சுச் சங்கிலிய வாங்கியாந்தேன், ருக்கு."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது. ருக்கு என்று நான் கூப்பிட்டதும் இல்லை. மடியிலிருந்த பை இளகி ஓடியது.

"முப்பத்தேழு," என்றார் சூட்டை அளக்கக் கூடவே வந்திருந்த நிலோஃபர் மேடம். "அக்கா, தினமும் இப்படிச் சிரிக்க முடியுமா?"

"அவரு வந்தாச் சிரிக்கறேன்," என்றாள் ருக்குமணி.

ஆகவே சகலை தினமும் காலையில் வந்தார். அவருக்கு ஊற்றும் தோசை மட்டும் ஓரம் முறுகலாக வந்தது. நான் எதிர் நாற்காலியில் பையோடு உட்கார்ந்திருப்பேன். மேடம் சூட்டை அளப்பார். மலையில் குழந்தை பால் குடித்தது. எஸ்தரின் விரலைப் பிடித்தது.

ஒரு கேள்வி எனக்கு இருந்தது. அந்தச் சிரிப்பு நிஜமா, இல்லை குழந்தைக்காகவா? குழந்தைக்காக என்று அவள் சொல்லிவிட்டால் பை இறுகிவிடும். அதனால் கேட்கவில்லை. ஆலையில் மாவுத் தொட்டிகளைச் சுற்றிக் கேட்காமலே நடந்தேன். சகலைக்குப் பட்டறை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். கிடைத்துவிட்டால் பழையபடி காரைப் பார்த்தே பொறாமைப்படலாம். கிடைக்கவில்லை.

தை பிறந்ததும் குழந்தை தன் சூட்டிலேயே இருக்கத் தொடங்கியது. பையை அவிழ்த்துவிட்டதாக எஸ்தர் போனில் சொன்னார். பின்னால் அழுகை கேட்டது. நல்ல கனமான அழுகை.

போனை வைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"ருக்குமணி, அந்தச் சிரிப்பு நெசமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நிலோஃபர் மேடம் கையமர்த்தினார். மலைக்குத் தடுப்பூசி மருந்து போக வேண்டும். ஐஸ் பாதி வழியிலேயே கரைந்துவிடுகிறது. புதுப் பெட்டி ஒன்று செய்திருக்கிறார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதவர் மடியில் வைத்தால், உள்ளே குளிர் நிற்கும்.

"எத்தனை நாளைக்கு நிற்கும்?" என்றேன்.

"அக்கா சொல்லாத வரைக்கும்."

ருக்குமணி பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். மூடியின் ஓரத்தில் பனி பூத்தது. சகலை எழுந்து உள்ளே போய், எங்கள் வீட்டில் சால்வை எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்காமல் எடுத்துவந்து, அவள் தோளில் போர்த்தினார்.