அப்பாவைக் கூப்பிட வேண்டியவள்

கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் வாசலில் வெந்நீர் ஊற்றிக் கைகழுவிக்கொண்டிருக்கும்போதே தைசியா கூட்டத்திலிருந்து நழுவினாள். வேலியோரம் புகைபிடித்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டு யெரமேயின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அண்ணே, சீக்கிரம் எழுதிக் குடுங்க.”

“என்னத்தம்மா?”

“சாப்பாட்டுக்கு அப்பாவைக் கூப்பிடுவாங்களே, அதை. நம்ம பாஷையில.” இதையும் அவள் ருஷ்ய மொழியில்தான் சொன்னாள்.

“அடிப்பாவி, உனக்கா தெரியாது?”

“கேட்டாப் புரியும். வாயில வர மாட்டேங்குது.”

யெரமேய் காலி மாத்திரை டப்பா அட்டையைப் பிரித்து, பின்பக்கத்தில் நாலு வரி கிறுக்கிக் கொடுத்தார். அவள் அதை வாசித்துக்கொண்டே மாட்டுக்கொட்டகை வரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பனி உருகிச் சேறாகிக் கிடந்த முற்றத்தில் நகரத்துச் செருப்பு சளக் சளக்கென்றது.

பந்தியில் யாரும் வாய் வைப்பதற்கு முன், பெற்ற பிள்ளை ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு துண்டு பிய்த்துக் கிண்ணத்தில் போட்டு, செத்தவரைத் தங்கள் தாய்மொழியான உத்மூர்த்தில் கூப்பிட வேண்டும். வேறு மொழியில் கூப்பிட்டால் அந்தப் பக்கம் போனவர்களுக்குக் கேட்காது என்பது ஊர் முடிவு. கூப்பிடவே இல்லையென்றால் பசியோடு வாசலில் நிற்பார்களாம். இருபத்தாறு வருஷமாக இஷேவ்ஸ்க் நகரத்தில் டிராலிபஸ் ஓட்டுகிற தைசியா இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அப்பா பசியோடு வாசலில் நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. பக்கவாதம் வந்து படுத்த மூன்று நாளும் அப்பா கபித்தோனுக்கு ருஷ்ய மொழி அடியோடு மறந்துபோய்விட்டது. “எம்பொண்ணு வந்துட்டாளா?” என்று உத்மூர்த்தில் கேட்டார். கட்டிலருகே உட்கார்ந்திருந்தவள், “இதோ இருக்கேன்பா” என்று ருஷ்ய மொழியில் சொன்னாள். யாரோ நர்ஸைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். அதைத் தாய்மொழியில் சொல்ல இரண்டு வார்த்தை போதும், அது அவளுக்குத் தெரியாததில்லை. சொல்ல வாயெடுத்தால் ருஷ்ய மொழிதான் வந்தது. கேட்டுக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தார்.

பாவி மனுஷன், அவள் வாயைக் கட்டியதே அவர்தானே! பள்ளிக்கூடத்தில் உத்மூர்த் பேசியதற்காகச் சின்ன வயதில் மூலையில் நிறுத்தப்பட்டவர். என் பிள்ளைக்கு அந்தக் கதி வேண்டாம் என்று, அவள் தவறி ஒரு உத்மூர்த் சொல் சொன்னாலும் மரக்கரண்டியால் உதட்டில் தட்டுவார். வலிக்காது. ஆனால் நாக்கு உள்ளே போய்விடும்.

“தைசியா! ஆறிப்போகுதுடி!” அப்பாவின் அக்கா லுகேர்யா உள்ளேயிருந்து கத்தினாள்.

“அத்தை, நீங்களே சொல்லிடுங்களேன்.”

“நானா? நான் கூப்பிட்டு அவன் என்னைக்கு வந்திருக்கான்? நீ கூப்பிட்டாத்தான் வருவான். வா, வந்து உக்காரு.”

மேஜையில் வெண்ணெய் தடவிய தபான் தோசைகளிலிருந்து ஆவி பறந்தது. அவித்த முட்டை, கம்பு ரொட்டி, வீட்டில் காய்ச்சிய கும்ஷ்கா சாராயம். கதவுப் பக்கத்து ஸ்டூலில் காலிக் கிண்ணம். பதினைந்து பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

அவள் ரொட்டியைப் பிய்த்தாள். அட்டையை எடுத்து முதல் வரியை வாசித்தாள். வாய்தான் அவளுடையது, குரல் யெரமேயுடையது போலிருந்தது. வேலித் தகராறில் அப்பா இந்த யெரமேயோடு பதினோரு வருஷம் பேசாமல் இருந்தவர். இந்தாள் எழுதிக் கொடுத்ததைக் கேட்டா வந்து சாப்பிடுவார்? அட்டையைக் கசக்கிப் பையில் போட்டாள். ரொட்டித் துண்டு தரையில் விழுந்தது. யாரோ இருமினார்கள்.

பெற்ற மகளோடு பேசாத மொழியை அப்பா பசுவோடு பேசுவார். இருட்டுகிற நேரத்தில் தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அவர் கூப்பிடுவதைக் கதவு மறைவிலிருந்து கேட்டிருக்கிறாள். கரண்டி அங்கே வந்ததில்லை.

இன்னொரு துண்டு பிய்த்துக் கிண்ணத்தில் போட்டாள். யாரையும் பார்க்காமல், அவருடைய இழுப்போடு, உத்மூர்த்தில் சொன்னாள்:

“வா, வந்து சாப்பிடு. பயப்படாதே, நான் இங்கதான் நிக்கிறேன், செபெர்.”

பசுவின் பேரையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். செபெர் என்றால் அழகி. அந்தப் பேர் இல்லாமல் அந்த வாக்கியத்தை அவள் கேட்டதே இல்லை.

யெரமேய் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, வாயைத் தலைத்துணி நுனியால் பொத்தி, அப்படியே அழுதாள். தைசியாவுக்குக் காது மடல் எரிந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

லுகேர்யா கும்ஷ்காவைக் கிண்ணத்தில் ஊற்றினாள். பாதி ஸ்டூலில் சிந்தியது.

“இன்னொரு தடவை சொல்லுடி,” என்றாள். “உரக்கச் சொல்லு. அவனுக்குக் காது மந்தம்.”

தைசியா தபானில் ஒரு துண்டு பிய்த்தாள். வெண்ணெய் விரலில் வழிந்தது. கதவைப் பார்த்துத் திரும்பி நின்று, கொட்டகைவரை கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.