கைப்பிடியில் ஒரு நீல ஏப்ரன்

...இல்லை, இது கிளிப்பச்சை இல்லை, இதில் கொஞ்சம் அழுக்கு சேரவேண்டும், துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டையின் பச்சை, எதிர்வீட்டு மாடிக் கொடியில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொங்குகிறது, என் உயிரை வாங்குவதற்கென்றே யாரோ துவைத்துப் போடுகிறார்கள், இன்றைக்கு விட்டால் இனி அடுத்த ஞாயிறுதான், வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று 'இந்த ஃபிரேம் உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு சார்' என்று வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு எனக்கென்று மிஞ்சுவது இந்த ஒரு மணி நேரமும் இந்த வாஷிங் மெஷின் அறையும்தான், மெஷின் மேல் பலகை, பலகை மேல் நான் படம் வரையும் காகிதம். வெளியே கதவின் கைப்பிடியில், உடுப்பின்மேல் கட்டிக்கொள்கிற என் நீல ஏப்ரன் தொங்குகிறது. அது தொங்கினால் வீடே பற்றியெரிந்தாலும் என்னைக் கூப்பிடக்கூடாது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் சண்டை போட்டு வாங்கிய சட்டம் அது. "பிள்ளையப் பெத்தவளுக்கு பெயிண்டு ஒண்ணுதான் குறைச்சல்" என்று நாத்தனார் முகவாய்க்கட்டையைத் தோளில் இடித்துக்கொண்டாள். இடித்துக்கொள்ளட்டும், அவள் தோள், அவள் முகவாய்க்கட்டை.

வாசல் மணி அடிக்கிறது. என் வீட்டுக்காரர் போய்த் திறப்பார். ஈரம் இருக்கும்போதே அடுத்த பூச்சு போடவேண்டும், காய்ந்துவிட்டால் ஓரத்தில் கோடு விழும், பிறகு தலைகீழாக நின்றாலும் போகாது... என்ன சத்தம் அது, தரையில் பெட்டி உருளும் சத்தமா? இந்த நேரத்தில் யார் பெட்டியோடு... "என்னம்மா, சொல்லாம கொள்ளாம?" என்கிறார். மகள்தான். மாப்பிள்ளையும் வந்திருக்கிறாரா, அவர் குரலைக் காணோமே. கூடத்தில் நாற்காலி இழுபடுகிறது. இந்தச் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று இத்தனை வருடமாக எனக்கு ஏன் தெரியவில்லை? "அவர் வேற வீடு பார்த்துக்கிட்டுப் போயிட்டார்ப்பா. போன மாசமே." அப்புறம் ஒரு சத்தம், துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சத்தம் வரக்கூடாது என்று அழுகிற சத்தம். "அம்மாவக் கூப்பிடட்டுமா?" "வேண்டாம்ப்பா. ஏப்ரன் தொங்குதே. அம்மாவோட நேரம் இது, வந்ததும் சொல்லிக்கலாம்." குத்தலாகச் சொல்லவில்லை. கொஞ்சம் குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன மாசமே என்றால்... போன ஞாயிறு ஃபோனில் என்ன பேசினேன், இந்தச் சட்டையைப் பற்றித்தானே பேசினேன், இந்தப் பாழாய்ப்போன பச்சை வரமாட்டேன் என்கிறது என்று அரைமணி நேரம் புலம்பினேன், "வரும்மா, வரும், அவசரப்படாத" என்று எனக்குத் தேறுதல் சொன்னாளே, காலி வீட்டில் உட்கார்ந்துகொண்டா அதைச் சொன்னாள்? எப்படி இருக்கே என்று கேட்டேனா? கேட்டிருப்பேன், கேட்காமல் இருப்பேனா... கேட்டேனா? சின்ன வயதில் ஒருநாள் ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்கால் கிழிந்து வந்தாள், அவர் கடைக்குப் போயிருந்தார், கைப்பிடியில் ஏப்ரனைப் பார்த்துவிட்டுக் கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டாள், நான் திறக்கும்போது ரத்தம் காலுறையில் இறங்கி உறைந்திருந்தது. "என் பொண்ணுக்கு என்ன பொறுமை தெரியுமா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன், கடையில்கூடச் சொன்னேன். பொறுமையாம். எழுந்து போடி, கதவைத் திற, உன் பிள்ளை அழுகிறாள்... போகிறேன், இந்த ஓரம் மட்டும், ஈரம் காய்வதற்குள் இந்த ஒரு ஓரம் மட்டும். என் கை நிற்கவில்லை. அவள் விம்முவது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, தூரிகை துளி மண்ணிறத்தைத் தொட்டுப் பச்சையில் கலக்கிறது, அப்போதுதான் வந்தது அந்த நிறம். அதேதான். நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் தூரிகையைக் கீழே வைத்தேன். அடிப்பாவி, நீயும் ஒரு தாயா?

கதவைத் திறந்து கைப்பிடியிலிருந்த ஏப்ரனை எடுத்துக்கொண்டேன். அவர் அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொதிக்காத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் முகம் கழுவியிருந்தாள், காதோரத்தில் ஈரம் நின்றது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "முடிச்சிட்டியாம்மா? அந்தப் பச்சை வந்துச்சா?" கேட்டேன்டி, எல்லாம் கேட்டேன் என்று சொல்லவேண்டும், கட்டிக்கொண்டு அழவேண்டும், கையெல்லாம் பெயிண்ட், அதனால் என்ன, பெயிண்ட்தானே... "வந்துச்சு" என்றேன். என் வாயிலிருந்து அது ஒன்றுதான் வந்தது. "பாக்கறேன்" என்று என்னைத் தாண்டி உள்ளே போனாள். பலகைமுன் நின்றாள். "நல்லா இருக்கும்மா" என்றாள், அடுத்த சொல்லுக்கு முன்னால் குரல் உடைந்துவிட்டது. திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, "ஒரு நிமிஷம்மா" என்று கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நிற்கிறேன். ஏப்ரன் என் கையில் இருக்கிறது, கைப்பிடி வெறுமனேதான் இருக்கிறது, தட்டலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. உள்ளே துணியை வாயில் அழுத்துகிற அந்தச் சத்தம் மறுபடி ஆரம்பிக்கிறது. கதவடியில் உட்கார்ந்துகொண்டேன்.