கரையவிடாத ஐஸ்

ஐஸைப் பத்தி வேம்புலியம்மாளுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். கல்யாணமான நாள்லேர்ந்து கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் மீன் விக்கிறவ. கரையக் கரைய மேல கொட்டிக்கினே இருக்கணும், இல்லன்னா சாயங்காலத்துக்குள்ள வஞ்சரம் நாறிப்பூடும். அவ்ளோதான் விஷயம்.

அவ பொண்ணு கவிப்பிரியா ரக்பி ஆடறவ. பந்தைக் கட்டிப் புடிச்சிக்கினு ஓடணும், எதிராளுங்க பாஞ்சு வந்து கீழே தள்ளி அமுக்குவாங்க. "இன்னா கண்றாவிடி இது"ன்னு முதல்ல வேம்புலி தலையில அடிச்சிக்கினா. அப்புறம் ஸ்டேட் டீம் கேம்ப்புக்குக் கூப்பிட்டாங்க. வர்ற சனிக்கிழம ஓடிக் காட்டணும். தேறினா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்குக்கூட வழி கீதுன்னாங்க. அன்னிலேர்ந்து ஊட்டுல முட்டையெல்லாம் கவிக்குத்தான். அண்ணன்காரன் அருள் முறைச்சா முறைச்சிக்கட்டும்.

ஞாயித்துக்கிழம மேட்ச் முடிஞ்சு மத்தியானம் நொண்டிக்கினு வந்தா கவி. முட்டிக்கு வெளிப்பக்கம் வீங்கிக் கெடந்துச்சு.

"பயப்படாதம்மா, மோதிக்கிச்சு. கோச்சு ஐஸ் வெக்கச் சொன்னாரு." சொல்லிக்கினே பாயில சாஞ்சவ அப்படியே தூங்கிட்டா. பாவம், ஒடம்பு அடிச்சுப் போட்டாப்ல கெடந்தா.

ஐஸ்தானே? வேம்புலி மீன் பொட்டியத் தொறந்தா. நொறுக்கின ஐஸைப் பையில போட்டு, முட்டியச் சுத்தி வெச்சு, பழைய பொடவக் கிழிசலால நல்லா இறுக்கிக் கட்டினா. கரைஞ்சுச்சு. கொட்டிட்டுப் புதுசா கட்டினா. அதுவும் கரைஞ்சுச்சு. பொண்ணு முழிச்சிக்கப் போறாளேன்னு டிவியக்கூடப் போடல. வெயில் சாயற வரைக்கும் மாத்தி மாத்திக் கட்டினா. இன்னா சந்தோசம் தெரியுமா அவளுக்கு! பொண்ணோட ஆட்டத்துல தனக்கும் ஒரு வேலை கெடைச்சுதே.

கவி கண்ணத் தொறந்தா.

"வீக்கம் வத்திப்போச்சு பாத்தியாடி? ஐஸ் கரையவே வுடல நானு."

"எப்பலேர்ந்துமா கட்டியிருக்கே?"

"நீ படுத்ததுலேர்ந்து."

கவி எழுந்து ஓரடி வெச்சா. பாதத்த மேல தூக்கவே முடியல. வெரலு தரையில இழுபட்டு, குப்புற வுழுந்தா.

மண்ணூர்பேட்டை டாக்டர் கால அமுக்கி அமுக்கிப் பாத்தாரு. "முட்டிக்கு வெளிப்பக்கம், பாதத்தைத் தூக்குற நரம்பு தோலை ஒட்டினாப்ல போகுதும்மா. ஐஸ் வெச்சா கொஞ்ச நேரத்துல எடுத்துடணும். இப்ப அந்தக் குளிர்ல நரம்பு அடிபட்டுப் போச்சு. சரியாக மாசக்கணக்காகும். ஆகாமலும் போகலாம். யாரு இப்டிக் கட்டினது?"

வேம்புலி வாயத் தொறக்கறதுக்குள்ள கவி சொல்லிட்டா. "நான்தான் சார். கட்டிக்கினே தூங்கிட்டேன்."

அடிப்பாவி மகளே, திட்டித் தொலைச்சிருக்கலாமே! நாலு பேர் முன்னால காறித் துப்பியிருந்தாக்கூட வேம்புலிக்கு இவ்ளோ வலிச்சிருக்காது.

சனிக்கிழம வந்துச்சு. கூட ஆடற சிம்ரன் எப்பவும் வாசல்ல நின்னு கத்திக் கூப்புடுவா. அன்னிக்கி இந்தப் பக்கம் வராம நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டா. கவி செவுத்துல சாஞ்சு, கால நீட்டி, பாதத்தையே பாத்துக்கினு இருந்தா.

"அசையுதாமா, பாரு."

வேம்புலி குனிஞ்சு பாத்தா. பொட்டியில கெடக்குற மீன் கணக்கா கெடந்துச்சு பாதம்.

"லேசா அசைஞ்சுச்சுடி."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமே. என் கண்ணால பாத்தேன்."

கவி பாதத்துலேர்ந்து கண்ண எடுத்து ஆத்தாளப் பாத்தா.

"நான் இன்னும் அசைக்கவே இல்லமா."