ஏரிக்கு ஏறிய கோடு

தொண்ணூற்றாறு மழைக்காலத்துக் காய்ச்சலில் ஆனந்தன் போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்து கஸ்தூரி அம்பத்தூர் அலுவலகத்துக்குத் திரும்பினாள். கணவன், மனைவி இருவருக்கும் அங்கேதான் வேலை. சர்வே வரைபடத்தை மேசையில் ஒட்டி, ஓடைகளை ஒவ்வொரு கோடாகக் கணினியில் ஏற்ற வேண்டும். எங்கெங்கே விழும் மழை ஆற்றுக்கு வந்து சேரும், அந்த வடிநிலம் என்ன வடிவம் என்று கணினி கணக்கிட்டுவிடும்.

உடன் வேலை பார்க்கும் பாஸ்கரன் திரையைக் காட்டினான். "அண்ணி, வெள்ளானூராண்ட அண்ணன் ஒரு ஓடை போட்டுகீறாரு. சர்வே மேப்புல அது இல்ல. அதுவும் தண்ணி மேட்டுக்கு ஏறுது. நாளைக்கு அனுப்பணும், எடுத்துடட்டா?"

ஆனந்தன் கடைசியாகப் போட்ட கோடு அது.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வை" என்றாள்.

காலையில் வெள்ளானூரில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். சாலையோரம் புல் அறுத்துக்கொண்டிருந்த கன்னியம்மாளிடம் ஓடையைப் பற்றிக் கேட்டாள்.

"இப்ப காஞ்சி கெடக்குது. ஏரி ரொம்பினா மிச்சத் தண்ணி கலங்கல் தாண்டி இந்தாண்டதான் ஓடியாரும். குடைய இடுக்கிகினு ஒரு அண்ணாத்தேகூட இதையே கேட்டுகினு வந்தாரு. எம்மாடுகூட இவ்ளோ சுத்தாதுன்னேன். சிரிச்சாரு."

"அவர் எங்க வீட்டுக்காரர்."

கன்னியம்மாள் அவள் நெற்றியைப் பார்த்தாள். அரிவாளைக் கீழே வைத்தாள்.

"இங்கேர்ந்துதான் தாயி நடந்தாரு. இப்படியே மேலால ஏரி வரைக்கும்."

கஸ்தூரிக்குப் புரிந்துவிட்டது. ஓடை பிறக்கும் இடத்தில் தொடங்கி, தண்ணீர் போகும் பக்கமாகத்தான் கோடு இழுக்க வேண்டும். மாற்றி இழுப்பவர்களை ஆனந்தன் நாள் முழுக்கக் கேலி செய்வான். அவனே, கால் நடந்த வாக்கில், சாலையில் தொடங்கி ஏரியில் முடித்திருக்கிறான். அப்போதே உடம்பு சுட்டதோ என்னவோ.

அவளும் ஏரிவரை நடந்து பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் அலுவலகம் வந்தாள்.

"அழிக்காதே, பாஸ்கர். திருப்பிப் போடு."

"மேப்புல இல்லாதத ஏன் போட்டன்னு கேட்டா?"

"நேர்ல பாத்தாச்சுன்னு சொல்லு."

அவன் திருப்பினான். தனியாகக் கிடந்த ஏரி ஆற்றோடு சேர்ந்தது. உருண்டையாயிருந்த வடிநிலம் வடக்கே நீண்டது.

"இன்னா அண்ணி, பூசணிக்கா பொடலங்கா ஆய்டுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, எத்தனையோ நாளுக்குப் பிறகு. "நீளமா இருந்தா நல்லதுதான். எல்லாத் தண்ணியும் ஒரே நேரத்துல வந்து மோதாது."

பதிவேட்டில் அந்தக் கோட்டின் எண்ணுக்கு நேரே, களத்தில் பார்த்தவர் என்ற கட்டம் காலியாக இருந்தது. ஆனந்தன் என்று எழுதி, அதன் கீழே தன் பெயரையும் எழுதினாள்.